கார்ல போய் தங்க டென்ட் வாங்குறவங்களுக்கு: நம்ம குமரி மாவட்டத்து மழை, காத்து, புழுக்கத்துக்கு எது சரிப்படும்

மக்களே, டென்ட் வாங்கணும்னு தேடுறவங்களுக்காக கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க. ஆன்லைன்ல கிடக்குற டென்ட் ரிவியூ முக்காவாசி மணாலி, லடாக் போறவங்களும் கொடைக்கானல் குளிர்ல தங்குறவங்களும் எழுதுனது, அத நம்பி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வாங்கினா சரிப்படாது. நமக்கு குளிர் ஒரு பிரச்சனையே இல்ல. வெக்கை, புழுக்கம், உப்புக்காத்து, ஜூன்ல ஒண்ணு அக்டோபர்ல ஒண்ணுன்னு ரெண்டு பருவமழை, ஆடிக்காத்து, ரப்பர் தோட்டத்து கொசு, இதெல்லாம் தான் நமக்கு.

நான் மார்த்தாண்டம் பக்கம். வீட்ல நாங்க ரெண்டு பேரு, பிள்ளைங்க ரெண்டு, சில நேரம் மச்சினனும் கூட வருவான். போறது பெரும்பாலும் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் தெரிஞ்சவங்களுக்க தோட்டத்து ஓரம், இல்லன்னா முட்டம் பக்கம் கடலுக்கு கிட்ட ஒருத்தருக்க இடம். இப்ப வச்சிருக்கது நாலு பேர் டென்ட், ரெண்டு அடுக்கு, டோம் ஷேப், முன்பக்கம் செருப்பு, பை, அடுப்பு எல்லாம் வைக்கிற அளவுக்கு ஒரு வராந்தா. திருவனந்தபுரத்துல ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில 11,000 ரூபாய் கிட்ட ஆச்சு. கொள்ளாம், குடுத்த காசுக்கு முழுசா வேலை செய்யுது. எந்த கம்பெனின்னு நான் சொல்லல, ஏன்னா பேர சொன்னா அத மட்டும் தேடி வாங்குவீங்க, அடுத்த வருஷம் அதே பேர்ல துணிய மாத்தி விப்பான். என்னத்த பாத்து வாங்கணும்னு தெரிஞ்சா எந்த கம்பெனியா இருந்தாலும் நீங்களே கண்டுபிடிச்சிரலாம்.

மொத விஷயம் காத்தோட்டம். இத யாரும் பெருசா சொல்ல மாட்டேங்குறாங்க, எனக்கு இது தான் எல்லாத்துக்கும் மேல. டென்ட்ல ரெண்டு வகை இருக்கு, ஒரே துணியில தைச்சது ஒண்ணு, உள்ள ஒரு டென்ட்டும் அதுக்கு மேல தனியா ஒரு மழைக்கவரும் உள்ளது ஒண்ணு. அந்த மேல போடுற கவருக்கு தான் ரெயின்ஃபிளைன்னு பேரு. நாலு பேரு ஒரு ராத்திரி முழுக்க உள்ள படுத்து மூச்சு விட்டா அதுல உள்ள ஈரம் எங்க போகும்? ஒத்த துணி டென்ட்ல அது நேரா கூரைக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணியா நின்னு விடியக்காலம் மூஞ்சில சொட்டும். "புது டென்ட் ஒழுகுது, பணம் வேஸ்ட்"ன்னு ஆன்லைன்ல திட்டி எழுதுறாங்கல்ல, அதுல நிறைய பேருக்கு ஒழுகுனது மழை இல்ல, அவங்க விட்ட மூச்சு தான். மழையே பெய்யாத ராத்திரியிலயும் நனைஞ்சுதுன்னு எழுதியிருந்தா கண்டிப்பா இது தான். ரெண்டு அடுக்குல அந்த ஈரம் உள் வலையத் தாண்டிப் போய் வெளிக்கவர்ல நிக்கும், கவரோட சரிவுல வழிஞ்சு தரைக்கு போயிரும், நம்ம மேல விழாது. அதுக்கு ரெண்டு துணிக்கும் நடுவுல இடைவெளி வேணும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டக்கூடாது. கடையில டென்ட் விரிச்சு வச்சிருந்தா இடுக்குல கைய விட்டு பாருங்க, கை தாராளமா போகணும்.

உள் டென்ட்ல வலை எவ்வளவு இருக்குன்னும் பாருங்க. குளிர் ஊருக்கு செஞ்ச டென்ட்ல வலை கொஞ்சமும் துணி நிறையவும் இருக்கும், நமக்கு அது வேண்டாம். மேல்பாதி முழுக்க வலையா இருக்கணும், ரெண்டு பக்கமும் வாசல் இருந்தா இன்னும் நல்லது, மழை இல்லாத ராத்திரி ரெண்டு வாசல் துணியயும் சுருட்டிக் கட்டிட்டு வலைய மட்டும் மூடினா காத்து இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போகும். வலை கண்ணு பொடியா இருக்கணும். ரப்பர் தோட்டம் பக்கம் படுத்தவங்களுக்கு தெரியும், பால் எடுக்காத சீசன்ல சிரட்டையில தேங்குற மழைத்தண்ணியில கொசு எப்படி பெருகும்னு. ஒரு ஜிப் சரியா மூடலன்னா அந்த ராத்திரி தூக்கம் போச்சு.

வெயில் பத்தியும் இங்கயே சொல்லிடுறேன். காலையில ஆறு மணிக்கு மேல வெயில் ஏறுச்சுன்னா சாதாரண டென்ட்டுக்குள்ள படுக்க முடியாது. டிகாத்லான் ஸ்போர்ட்ஸ் கடையில குவெச்சுவா பிராண்ட்ல "பிரெஷ் அண்ட் பிளாக்"னு ஒரு வகை விக்குறாங்க, வெளிச்சத்த மறைக்கிற துணி, உள்ள நல்ல இருட்டா இருக்கும், வெக்கையும் கொஞ்சம் குறையும். பகல்ல குழந்தைய தூங்க வைக்கணும்னு நினைக்கிறவங்க அத பாக்கலாம். ஆனா இருட்டு துணி போட்டாலும் நிழல்ல போட்ட டென்ட்டுக்கு ஈடாகாது.

அடுத்தது அந்த மழைக்கவர் எவ்வளவு தூரம் கீழ இறங்குதுங்குறது. 2,000 ரூபாய்க்குள்ள விக்கிற டென்ட்ல நிறையா பாத்தீங்கன்னா, தலைக்கு மட்டும் தொப்பி வச்ச மாதிரி உச்சியில சின்னதா ஒரு துணி, சுத்துப்பக்கம் முழுக்க வெறும் உள் துணி தான். நேரா பெய்யுற மழைக்கு அது போதும். நம்ம ஊர்ல மழை என்னைக்கு நேரா பெய்ஞ்சிருக்கு? தென்மேற்கு பருவத்துல சாரல் பக்கவாட்டுல தான் அடிக்கும். மச்சினன் ஆன்லைன்ல ஒண்ணு வாங்கிட்டு வந்தான், பாக்க அழகா தான் இருந்துச்சு, பேச்சிப்பாறை பக்கம் ராத்திரி ஒரு மணி நேரம் மழை பெய்ஞ்சுச்சு, அவ்வளவு தான். மேல இருந்து ஒரு சொட்டு கூட விழல, ஆனா காத்து அடிச்ச பக்கத்து சுவர் முழுக்க நனைஞ்சு, அந்தத் தண்ணி மூலைத் தையல் வழியா இறங்கி, பாய்க்கு அடியில குளம். பாயத் தூக்கினா அடிப்பக்கம் சொதசொதன்னு இருக்கு, மேல படுத்திருந்தவனுக்கு இடுப்பு நனைஞ்ச பிறகு தான் தெரிஞ்சுது. அதனால தரைக்கு நாலு விரல் உயரம் வரைக்கும் கவர் இறங்குற டென்ட் மட்டும் வாங்குங்க. தரைத் துணியும் வெறும் விரிப்பா இல்லாம நாலு பக்கமும் ஒரு அஞ்சாறு இஞ்ச் மேல ஏறி தொட்டியாட்டம் நிக்கணும், தையல் தரையோட ஒட்டி வரக்கூடாது.

இப்ப டென்ட் லேபிள்ல மழை தாங்கும்னு போட்டிருக்குற மில்லிமீட்டர் நம்பருக்கு வாரேன். 1,500 மி.மீ, 2,000 மி.மீ, 3,000 மி.மீ-ன்னு போட்டிருப்பான். துணி மேல ஒரு குழாய நிறுத்தி தண்ணி ஊத்திக்கிட்டே போனா எவ்வளவு உயரம் வரைக்கும் தண்ணி நின்னா துணி கசிய ஆரம்பிக்கும்ங்குற அளவு அது. 2,000-னா 2 மீட்டர் உயரத் தண்ணிய தாங்கும்னு அர்த்தம். மேல்கவருக்கு 2,000 இருந்தா நம்ம மழைக்கு போதும். தரைத் துணிக்கு அதவிட கூட வேணும், ஏன்னா நாம முட்டி போடும்போதும் கை ஊணும்போதும் ஈரத் தரையில இருந்து தண்ணிய நாமளே அழுத்தி உள்ள இழுக்குறோம். ஆனா ஒண்ணு, இந்த நம்பர் துணிக்கு மட்டும் தான். தையலுக்கு கிடையாது, ஜிப்புக்கு கிடையாது. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வழி. அதுக்கு தான் தையலுக்கு உள்பக்கம் ஒரு டேப் ஒட்டியிருப்பாங்க, கவர திருப்பிப் போட்டு பாத்தா பளபளன்னு ஒரு விரல் அகலத்துல ஓடும். அத நகத்தால லேசா சுரண்டி பாருங்க, ஓரம் எழும்பி வந்துச்சுன்னா அந்த பீஸ் வேண்டாம், வேற எடுக்கச் சொல்லுங்க. முக்கியமா மூணு தையல் வந்து சேருற மூலையில டேப் மடிஞ்சு சுருங்காம இருக்கான்னு பாருங்க, ஒழுகுறது எப்பவும் அந்த இடத்துல இருந்து தான் ஆரம்பிக்கும். இன்னொரு சோதனை, ராத்திரி வீட்டு மொட்டை மாடியில டென்ட்ட போட்டு உள்ள ஒரு டார்ச் லைட்ட சுவத்த பாத்து அடிங்க, வெளிய நின்னு பாத்தா ஊசி ஓட்டை இருக்குற இடத்துல எல்லாம் புள்ளி புள்ளியா தெரியும். வாங்கின ஒரு வாரத்துக்குள்ள செஞ்சிருங்க, மாத்தித் தர்ற நாள் தாண்டிட்டா அப்புறம் யாரு கிட்ட போய் சொல்ல.

துணி பாலியெஸ்டரா நைலானான்னு கேட்டா கார்ல போறவங்களுக்கு பாலியெஸ்டர் தான். நைலான் எடை கம்மி, மலை ஏறுறவங்களுக்கு அது சரி, ஆனா நனைஞ்சா இழுபட்டு தொய்யும், ராத்திரி நடுவுல எந்திரிச்சு கயிற இழுத்துக் கட்டிக்கிட்டு இருக்கணும். வெயிலையும் பாலியெஸ்டர் கூட நாள் தாங்கும். எடையப் பத்தி நமக்கு என்ன கவலை, டிக்கியில போட்டு கொண்டு போறோம், இறக்கி பத்தடி தூக்குறோம். அதனால தான் சொல்லுதேன், காருக்கு வாங்கும்போது எடை கம்மின்னு காட்டி கூட விலை சொல்லுற டென்ட்டுக்கு காசு குடுக்காதீங்க, அந்தக் காச அளவுலயும் டென்ட்ட தாங்கி நிறுத்துற ராடுலயும் போடுங்க.

அளவுல பெரிய ஏமாத்து நடக்குது. "நாலு பேர்"னு எழுதியிருக்கும், அளவப் பாத்தா 200 செ.மீ-க்கு 200 செ.மீ. நாலால வகுத்தா ஆளுக்கு 50 செ.மீ, அதுல ஒருத்தன் புரண்டா நாலு பேரும் புரளணும், பைய வைக்க இடமே கிடையாது. எழுதியிருக்குற ஆள் கணக்குல ஒண்ணு ரெண்டு குறைச்சு தான் எடுத்துக்கணும். கோல்மேன் சன்டோம்னு ஒண்ணு உலகம் முழுக்க விக்குது, அதுல நாலு பேர் சைஸ் 9 அடிக்கு 7 அடி, நடு உயரம் 4 அடி 11 இஞ்ச், அதையே நான் ரெண்டு பெரியவங்க ரெண்டு பிள்ளைங்கன்னு தான் சொல்லுவேன். அதுல பெரிய ஆளு நிமிந்து நிக்க முடியாது, குனிஞ்சு தான் சேலையோ பேன்ட்டோ மாத்தணும். வயசான அப்பா அம்மாவ கூட்டிட்டு போறவங்க நிக்கிற உயரம் உள்ள டென்ட் பாருங்க, குவெச்சுவாவுல ஆர்ப்பெனாஸ் 4.1 அந்த வகை, படுக்க தனி ரூமும் முன்னாடி நிக்கிற உயரத்துல ஒரு ஹாலும் உண்டு. ஆனா உயரம் கூடக் கூட காத்து பிடிக்கும், அத மனசுல வச்சுக்கோங்க.

காத்துன்னதும் ராடு. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு நம்ம பெரியவங்க சும்மா சொல்லல. ஆரல்வாய்மொழி கணவாய்ல ரெண்டு பக்கமும் மலை, நடுவுல காத்து நெருக்கிக்கிட்டு வரும், அதனால தான் முப்பந்தல்ல கரண்ட் எடுக்குற காத்தாடிய அத்தனை நட்டு வச்சிருக்காங்க. மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் எந்த டென்ட்டும் போடாதீங்க, 30,000 ரூபாய் டென்ட்டா இருந்தாலும் சரி. மத்த இடத்துக்கு, விலை குறைஞ்ச டென்ட்ல எல்லாம் ஃபைபர்கிளாஸ் ராடு தான் வரும், அது தப்பில்ல, ஆனா ராடு எவ்வளவு தடிமன்னு கேளுங்க. நாலு பேர் டென்ட்டுக்கு 9.5 மி.மீ-க்கு குறையாம இருக்கட்டும், 7.9 மி.மீ எல்லாம் ஒத்தையாளு டென்ட்டுக்கு சரி. ஃபைபர்கிளாஸ் அளவுக்கு மேல வளைஞ்சா ஒரேடியா பிளக்கும், பிளந்தா சிலும்பு கையில ஏறும், பிள்ளைங்கள தொட விடாதீங்க. ஒவ்வொரு துண்டும் சேருற இடத்துல ஒரு இரும்புக் குப்பி இருக்கும், கடல் பக்கம் போய்ட்டு வந்து தொடைக்காம வச்சா அது துரு ஏறி அடுத்த தடவ ராடு ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகாது. காசு இருந்தா அலுமினிய ராடு உள்ளத வாங்குங்க, வளைஞ்சா நிமித்திக்கலாம், கூட நாள் உழைக்கும்.

டென்ட்ட தரையோட பிடிச்சு நிறுத்த கூடத் தர்ற முளைய பத்தி கொஞ்சம் பேசணும். எந்த கம்பெனியா இருந்தாலும் குடுக்குறது ஒரு மெல்லிசு கம்பி, தலைய வளைச்சு விட்டிருப்பான். குலசேகரம் பக்கத்து செம்மண் கல்லுல அடிச்சா வளையும், கடற்கரை மணல்ல நட்டா ஒரு விரலால உருவிறலாம். வி ஷேப்ல வர்ற அலுமினிய முளை தனியா ஒரு செட் வாங்கிக்கோங்க, தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாஞ்சு நிக்கிற மாதிரி அடிங்க. மணல்ல அதுவும் நிக்காது, அதுக்கு எனக்கு தெரிஞ்சதுல நம்பகமான வழி அரிசிச் சாக்கு தான். சின்ன சாக்குல மணல நிரப்பி, கழுத்துல கயிற கட்டி, முழங்கை ஆழத்துக்கு குழி தோண்டி புதைச்சு மேல மிதிச்சு விட்டா அது அசையாது. முட்டத்துல சாயங்காலக் காத்துல இப்படித்தான் நாலு மூலையும் கட்டுவேன், பக்கத்துல ஒருத்தருக்க டென்ட் முளையோட உருண்டு போச்சு, எங்களது நின்னுச்சு. வாசல காத்து வர்ற பக்கம் வைக்காம அதுக்கு மறுபக்கம் வையுங்க, தென்மேற்கு சீசன்ல கிழக்க பாத்து. கவர் நடுவுல தொங்குற கயிற நிறைய பேரு கட்டுறதே இல்ல, அழகுக்கு விட்டதுன்னு நினைக்குறாங்க, காத்துல ராட்ட காப்பாத்துறதே அந்த கயிறு தான்.

எந்த இடத்துல போடக்கூடாதுன்னும் சொல்லணும், இதுல விளையாட்டு கிடையாது. தென்னை மரத்துக்கு அடியில போடாதீங்க, தேங்காயும் விழும் மட்டையும் விழும். ரப்பர் மரத்துக்கு அடியிலயும் வேண்டாம், 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்ப நம்ம மாவட்டத்துல ரப்பர் எப்படி ஒடிஞ்சு கிடந்துச்சுன்னு பாத்தவங்களுக்கு தெரியும், வலுவில்லாத மரம், சாதாரண காத்துலயே கிளை முறியும். தோட்டத்துல வெட்டவெளியா உள்ள ஓரம் பாத்து போடுங்க. ஆத்துக்கரை, ஓடைக்கரை மழைக்காலத்துல வேண்டவே வேண்டாம், மேல மலையில பெய்ஞ்சா இங்க வெயில் அடிக்கும்போதே தண்ணி வரும். காளிகேசம், கீரிப்பாறை பக்கம் காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம ராத்திரி தங்க முடியாது, யானை நடமாட்டம் உள்ள இடம். தனியார் தோட்டம்னா உரிமையாளர் கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு போடுங்க, அவங்களே இடம் காட்டுவாங்க. டென்ட்டுக்குள்ள கரி அடுப்போ கேஸ் அடுப்போ எந்த மழையிலயும் பத்த வைக்காதீங்க, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுங்குற வாயுவுக்கு வாசனை இல்லன்னாலும் ஆள கொல்லும்.

ஒரே நிமிஷத்துல விரியுற டென்ட் பத்தி நிறைய பேரு கேக்குறாங்க. வட்டமா மடங்குறது, குடை மாதிரி உச்சிய தள்ளினா நிக்குறதுன்னு ரெண்டு இருக்கு. சின்ன பிள்ளைங்கள வச்சிக்கிட்டு இருட்டுல போய் சேருறவங்களுக்கு உதவியா இருக்கும், அதுல சந்தேகம் இல்ல. வட்டமா மடங்குறத திருப்பி மடக்க ஒரு முறை இருக்கு, வீட்டு மாடியில பழகிட்டு போங்க. குடை வகையில உச்சியில உள்ள பிளாஸ்டிக் மூட்டு தான் பலவீனம், ஒரு மூட்டு போனா மொத்த டென்ட்டும் போச்சு, தனி ராடுன்னா ஒண்ண மட்டும் மாத்தலாம். மடக்குனா நீளம் எவ்வளவுன்னு பாத்துட்டு டிக்கிய அளந்துக்கோங்க, சின்ன கார்ல குறுக்க வைக்க முடியாம பின்சீட்ட மடக்க வேண்டி வரும். கார் மேல மாட்டுற டென்ட் நம்ம பட்ஜெட்டுக்கு இல்ல, விட்டுறலாம்.

டென்ட்டோட சேத்து கண்டிப்பா வாங்க வேண்டியது ஒரு நல்ல தார்ப்பாயும் பத்து மீட்டர் கயிறும். நாகர்கோவில்ல கயிறு, தார்ப்பாய் விக்கிற எந்த கடையிலயும் கிடைக்கும். கார் மேல் கேரியர்ல ஒரு பக்கம் கட்டி மறுபக்கம் ரெண்டு கம்புல நிறுத்தினா சமைக்கவும் சாயா குடிக்கவும் மழை படாத இடம் ஆச்சு, டென்ட்டுக்குள்ள ஈரக்காலோட யாரும் வர வேண்டாம். டென்ட்டுக்கு அடியில விரிக்கிறதுக்கும் ஒரு ஷீட் வேணும், ஆனா அது டென்ட் தரையவிட ஒரு சாண் சின்னதா இருக்கணும். வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா மழைத்தண்ணிய பிடிச்சு நேரா உங்களுக்கு அடியில கொண்டு விடும்.

கடைசியா பராமரிப்பு, டென்ட்டோட ஆயுசு இதுல தான். நனைஞ்ச டென்ட்ட பையில திணிச்சு அப்படியே அலமாரியில வச்சிராதீங்க. தண்ணி இறங்காம இருக்க துணிக்கு உள்பக்கம் பூசியிருக்குற பி.யூ. (பாலியூரித்தேன்) கோட்டிங் ஈரத்துலயும் வெக்கையிலயும் கெட்டுப் போகும், நம்ம ஊர்ல ரெண்டும் வருஷம் முழுக்க இருக்கு. மொதல்ல பிசுபிசுன்னு ஒட்டும், அப்புறம் புளிச்ச வாடை வரும், அப்புறம் செதில் செதிலா உரியும், அதுக்கு மேல எத்தனை ஸ்ப்ரே அடிச்சாலும் மழை தாங்காது. வந்த அன்னைக்கே நிழல்ல கொடியில போட்டு நல்லா காய விடுங்க, வெயில்ல நாள் முழுக்க போடாதீங்க. கடல் பக்கம் போய்ட்டு வந்தா ஜிப், ராடு, முளை எல்லாத்தயும் நல்ல தண்ணியில கழுவி தொடைங்க, மணல் மாட்டின ஜிப்ப பலமா இழுத்தா பல்லு போயிரும், பழைய டூத் பிரஷ்ஷால தட்டி எடுத்துட்டு இழுங்க. வாஷிங் மெஷின்ல மட்டும் போட்டுறாதீங்க. வைக்கும்போது கூட வந்த சின்னப் பையில இறுக்கி திணிக்காம பழைய தலகாணி உறையில தளர்வா போட்டு காத்தோட்டமான இடத்துல வையுங்க, கட்டிலுக்கு அடியில ஈரத்தரையில வேண்டாம்.

வாங்குற நேரத்துலயே கடைக்காரர் கிட்ட ஒண்ணு கேட்டுக்கோங்க, தனியா ராடு கிடைக்குமா, முளை கிடைக்குமா, ஜிப் போனா யாரு மாத்தித் தருவாங்கன்னு. நான் வாங்குன கடையில "ராடு தனியா வரவழைச்சு தரலாம் சார், ஆனா டென்ட் மாடல் நம்பர் வேணும்"னு அந்த பையன் சொன்னான், அதனால பில்லையும் துணியில தைச்சிருக்குற மாடல் சீட்டையும் போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கேன். ஆன்லைன்ல வாங்குறவங்க விக்கிறவன் கிட்ட இதே கேள்விய மெசேஜ்ல கேளுங்க, பதில் வரலன்னா அடுத்த டென்ட்ட பாருங்க.